என் பெயரில் யாரோ வாங்கிய கடன்

கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், சிறு விவசாயிகள் கொண்டுவந்து போடும் பசுந்தேயிலைக்குக் கணக்கு எழுதும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். என் பெயரில் நான் ஒரு ரூபாய்கூடக் கடன் வாங்கியதில்லை. தோட்டத்தின் பேரில் எடுத்த பயிர்க்கடனும், அவசரத்துக்கு வைத்த நகைக்கடனும் என் கணவர் பெயரிலேயே இருந்தன. 2024ஆம் ஆண்டு ஜூலையில் எங்கள் மகனுக்குக் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தபோது, மாதச் சம்பளச் சீட்டு எனக்குத்தான் இருக்கிறது என்பதால், கல்விக் கடனுக்கு இணைக் கடன்தாரராக என்னையே போடச் சொன்னார்கள். விண்ணப்பம் கொடுத்த சில நாட்களில் வங்கியிலிருந்து அழைப்பு வந்தது. கடன் பிரிவு அதிகாரி கணினித் திரையை என் பக்கம் திருப்பி, "மேடம், உங்கள் பெயரில் இரண்டு கடன்கள் கட்டாமல் நிற்கின்றன. அவற்றை முடித்துவிட்டு வாருங்கள்" என்றார். நான் வாங்கவில்லை என்றேன். அவர் மறுக்கவும் இல்லை, நம்பவும் இல்லை. என் பின்னால் வரிசையில் நின்றவர்களில் இருவர் எங்கள் தொழிற்சாலைக்கு இலை போடுகிறவர்கள். அவர்களுடைய மாதக் கணக்கு என் கையெழுத்தில்தான் போகிறது. கடன் வாங்கி ஏமாற்றியவள் என்று அவர்கள் முன்னால் சொல்லப்பட்டது என்னை எவ்வளவு வதைத்தது என்பதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றவற்றுக்குப் போக வேண்டும். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. கணவரிடம்கூட மறுநாள்தான் முழுவதையும் சொன்னேன்.

அதன்பின் வந்த மாதங்களில் எனக்கு வழிகாட்ட ஒருவரும் இல்லை. ஒவ்வொரு கதவையும் தட்டித்தான் அடுத்த கதவு எங்கே என்று தெரிந்துகொண்டேன். இந்த நிலைக்கு வரும் இன்னொருவர் அதே அலைச்சலைப் படக்கூடாது என்பதற்காக, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

முதலில் கடன் அறிக்கை என்றால் என்ன என்பதையே நான் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நம் பெயரில் உள்ள கடன்களையும் அவை கட்டப்பட்ட விதத்தையும் தொகுத்து வைக்கும் பதிவு அது. சிபில் என்று எல்லோரும் பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் நம் நாட்டில் இதைத் தொகுக்கும் கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க். ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை, நம் கடன் நம்பகத்தைக் காட்டும் மதிப்பெண்ணுடன் கூடிய முழு அறிக்கையை நமக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. 2017 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. அந்தந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே இதற்கான பகுதி இருக்கிறது. பணம் கட்டும் திட்டங்கள் பெரிய எழுத்தில் முன்னால் நிற்கும், இலவச அறிக்கைக்கான இணைப்பைச் சற்றுத் தேட வேண்டும். பான் எண்ணும் கைபேசிக்கு வரும் ஓடிபியும் போதும் என்றார்கள். ஆனால் ஆடிக்காற்றில் மரம் விழுந்து மின்சாரமும் டவரும் போய்விடும் எங்கள் ஊரில், ஓடிபி வந்து சேர்வதற்குள் அதன் நேரம் முடிந்துவிடும். கடைசியில் கோத்தகிரி பேருந்து நிலையத்தருகே நின்றுகொண்டு கைபேசியிலேயே நான்கையும் பதிவிறக்கினேன். இந்த வேலையைப் பிறர் கணினியில் செய்யாதீர்கள். அந்த அறிக்கையில் உங்கள் பிறந்த தேதி, பான், முகவரி எல்லாம் ஒரே இடத்தில் இருக்கின்றன. இன்னொரு திருட்டுக்கு அதுவே போதும்.

அறிக்கையில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன். கடன் கணக்குகள் இருக்கும் பகுதியை எல்லோரும் பார்ப்பார்கள். என் அறிக்கையில் அங்கே 26,000 ரூபாய்க்கு ஒன்றும் 41,000 ரூபாய்க்கு ஒன்றுமாக இரண்டு தனிநபர் கடன்கள், 2021ஆம் ஆண்டின் இறுதியில் சில வார இடைவெளியில் எடுக்கப்பட்டவை, இருந்தன. ஒரு தவணைகூடக் கட்டப்படாமல், வாராக்கடன் என்று எழுதித் தள்ளப்பட்டு, வட்டியோடு சேர்ந்து இரண்டும் ஒரு லட்சத்தைத் தாண்டி நின்றன. அதைவிட முக்கியமானது விசாரணைகள் என்னும் பகுதி. நம் பெயரில் யாராவது கடன் கேட்டு, கடன் தருபவர் நம் அறிக்கையைத் திறந்து பார்த்தால் அது தேதியோடு அங்கே பதிவாகும். அந்த இரண்டு கடன்கள் கிடைப்பதற்கு முன்னால் வேறு பல நிறுவனங்களிலும் என் பெயரில் முயன்றிருக்கிறார்கள் என்பது அங்கேதான் தெரிந்தது. மூன்றாவது, தொடர்பு விவரங்கள். என் பெயர், என் பான், என் பிறந்த தேதி. ஆனால் நான் பார்த்தேயிராத ஒரு கைபேசி எண், வட இந்தியாவில் நான் கால் வைத்தேயிராத ஒரு நகரத்து முகவரி.

அந்தக் கைபேசி எண்ணைப் பார்த்தபோதுதான், ஏறக்குறைய மூன்று ஆண்டுகளாக எனக்கு ஏன் எதுவுமே தெரியவில்லை என்பது விளங்கியது. கடன் கிடைத்த செய்தி, தவணை நினைவூட்டல், மிரட்டல் எல்லாம் அந்த எண்ணுக்கே போயிருக்கின்றன. கடன் பழக்கம் இல்லாதவர்களுக்கு இந்த ஆபத்து இல்லை என்றுதான் எங்கள் பக்கத்தில் எல்லோரும் எண்ணுகிறார்கள், நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். நிலைமை நேர் எதிரானது. அடிக்கடி கடன் வாங்குகிறவர் தம் அறிக்கையை எப்போதாவது பார்த்துவிடுவார், திருட்டு வெளியே வந்துவிடும். கடனே வாங்காதவர் அதைத் திறப்பதற்குக் காரணமே இல்லை, ஆகையால் அவர் பெயரில் எத்தனை ஆண்டுகள் வேண்டுமானாலும் இது உறங்கிக் கிடக்கும். பிள்ளையின் படிப்பு, வீடு கட்டுதல், அறுவைச் சிகிச்சை என்று பணம் உடனே வேண்டிய நாளில்தான் விழித்துக்கொள்ளும். அதனால் கடன் வாங்காத பெண்களிடமும், ஓய்வூதியத்தில் வாழும் பெரியவர்களிடமும், இப்போதுதான் பதினெட்டு வயது நிரம்பிய பிள்ளைகளிடமும்தான் நான் முதலில் சொல்கிறேன்: உங்கள் அறிக்கை காலியாக இருக்கிறது என்பதை ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் கண்ணால் பாருங்கள். கடன் வரலாறே இல்லாதவருக்கு 300 முதல் 900 வரையான அந்த மதிப்பெண்ணே இருக்காது. உங்களுக்கு மதிப்பெண் ஒன்று வந்தால், அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

அடுத்து, என் பெயரில் எத்தனை சிம் கார்டுகள் இருக்கின்றன என்று பார்த்தேன். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் உங்கள் எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தால், உங்கள் ஆவணங்களைக் கொண்டு வாங்கப்பட்ட இணைப்புகளின் பட்டியல் வரும். நம் மாநிலத்தில் ஒருவர் பெயரில் ஒன்பது இணைப்புகள் வரை இருக்கலாம் என்பதால், இரண்டு மூன்று கூடுதலாக இருந்தாலும் யாரும் கேட்கமாட்டார்கள். என் பட்டியலில் எனக்குத் தெரியாத எண் ஒன்று இருந்தது. அது கடன் அறிக்கையில் இருந்த எண் அல்ல, வேறொன்று. அதைப் பார்த்ததும் வயிறு கலங்கியது. என்னுடையது அல்ல என்று அங்கேயே குறித்துப் புகார் பதிந்தேன், சில வாரங்களில் அது பட்டியலிலிருந்து போய்விட்டது. புகாரின் பதிவு எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டது பின்னால் காவல் நிலையத்தில் உதவியது.

காவல் துறையிடம் போவதற்குப் பயந்தேன் என்பதை மறைக்கவில்லை. ஆனால் அந்தப் படி இல்லாமல் அடுத்த எதுவும் நடக்காது. தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகாரைப் பதிந்து ஒப்புகை எண்ணை வாங்கிக்கொண்டு, அச்செடுத்த அறிக்கைகளோடு கட்டபெட்டு வழியாகப் பேருந்தில் ஊட்டிக்குப் போய், மாவட்ட சைபர் குற்றப் பிரிவில் எழுத்துப் புகாரும் கொடுத்தேன். முதலில் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது தந்தார்கள், பின்னர் வழக்குப் பதிவானது. புகாரில் இரண்டு விஷயங்களைத் தெளிவாக எழுதுவது நல்லது. பிறருடைய அடையாள எண்ணை மோசடியாகப் பயன்படுத்துவது 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதமும் உள்ள குற்றம். கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி. அத்துடன் குற்றம் நடந்த தேதியையும் குறிப்பிட வேண்டும். 2024 ஜூலை 1க்கு முன் நடந்தவற்றுக்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டமும், அதற்குப் பின் நடந்தவற்றுக்குப் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவும் பொருந்தும் என்பதை அங்கிருந்த பெண் காவலர் பொறுமையாக விளக்கினார். என் கணக்கிலிருந்து பணம் எதுவும் போகவில்லை. போயிருந்தால், இதெல்லாவற்றுக்கும் முன்னால் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் கைமாறிக் கைமாறிப் போவதற்குள் நிறுத்தி வைக்க அதுதான் வழி. வங்கிக்கும் மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்துவிட வேண்டும். தவறு உங்களுடையதோ வங்கியுடையதோ அல்லாதபோது, அதற்குள் தெரிவித்தவருக்கு இழப்பில் பங்கில்லை என்று ரிசர்வ் வங்கி 2017இலேயே சொல்லியிருக்கிறது.

இனி, நான் அதிகம் அலைக்கழிந்த இடத்துக்கு வருகிறேன். அறிக்கையில் உள்ள தவறை மறுத்து, அறிக்கையின் எண்ணைக் குறிப்பிட்டு, கடன் தகவல் நிறுவனங்களில் மனுப் போட்டேன். அதில் ஒன்றிலிருந்து வந்த பதில், "கடன் வழங்கியவர் இத்தகவல் சரியானது என உறுதி செய்துள்ளார்" என்பதே. அதைப் படித்து அழுதேன். பிறகுதான் இந்த ஏற்பாடு எப்படி இயங்குகிறது என்று புரிந்தது. கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் மாற்றாது. கடன் கொடுத்தவரிடம் கேட்கும், அவர் சொல்வதை நமக்குத் திருப்பிச் சொல்லும். ஆகவே மனுவை அங்கே போடுவதோடு நிறுத்தாமல், கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு அதே நாளில் நேரடியாக எழுத வேண்டும். அவருடைய பெயரும் மின்னஞ்சலும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருந்தாக வேண்டும் என்பது விதி. "நான் கடன் வாங்கவில்லை" என்று மட்டும் எழுதினால் உதவாது. நான் இரண்டாம் முறை எழுதியபோது, கடன் ஒப்பந்தத்தின் நகல், அடையாளச் சரிபார்ப்புக்குப் பெற்ற ஆவணங்கள், எடுத்த புகைப்படம், விண்ணப்பித்த கைபேசி எண், பணம் செலுத்தப்பட்ட வங்கிக் கணக்கின் எண் ஆகியவற்றைத் தரும்படி கேட்டேன். காவல் துறைப் புகாரின் நகலையும், 2021இல் எனக்கு இருந்த ஒரே வங்கிக் கணக்கின் அறிக்கையையும் இணைத்தேன். பணம் என் கணக்குக்கு வரவில்லை என்பதைவிடப் பெரிய சாட்சி வேறில்லை.

அந்தக் கடிதத்துக்குப் பதில் வருவதற்கு முன்னால் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கின. ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் என் எண் தெரியாமல் இருந்தவர்களுக்கு, என் புகாரிலிருந்தே எண் கிடைத்துவிட்டது. இதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் உங்களுக்குச் சொல்கிறேன்: புகார் கொடுத்தபின் வசூல் முகவர்கள் அழைப்பார்கள், அதை எதிர்பார்த்திருங்கள். விடியற்காலையில், தொழிற்சாலையில் இலை எடை போட்டுக்கொண்டிருக்கும்போது, இரவு சமைக்கும்போது என்று அழைத்தார்கள். வீட்டுக்கு ஆள் வரும் என்றார்கள், வேலையிடத்தில் சொல்லிவிடுவோம் என்றார்கள். காலை எட்டு மணிக்கு முன்னும் மாலை ஏழு மணிக்குப் பின்னும் வசூலுக்காக அழைக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, உறவினரையும் நண்பரையும் தொல்லை செய்யக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் தெளிவாக உத்தரவிட்டிருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டபின், ஒவ்வொரு அழைப்பின் தேதி, நேரம், எண், பேசியவர் சொன்னது ஆகியவற்றை, இலைக் கணக்கு எழுதுவது போலவே ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். பேசுபவரிடம் பிறந்த தேதியையோ ஆதார் எண்ணையோ உறுதி செய்யாமல், "இது காவல் துறையில் புகாராகியுள்ள மோசடிக் கடன், எழுத்தில் மட்டும் தொடர்பு கொள்ளுங்கள்" என்ற ஒரே பதிலைச் சொன்னேன். எழுதத் தொடங்கிய பிறகு பயம் குறைந்தது.

அவர்களில் ஒருவர் மட்டும் மிகவும் கனிவாகப் பேசினார். "மேடம், முப்பதாயிரம் கட்டிவிடுங்கள், இரண்டையும் முடித்துக் கடிதம் தந்துவிடுகிறோம், பையன் படிப்பு கெடக்கூடாதே" என்றார். கல்லூரியில் கட்டணம் கட்டக் கடைசித் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. என் கணவர் கோபக்காரர் அல்லர். அவரே, கட்டித் தொலைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்றார். என் தம்பியும் அதையே சொன்னான். வாங்காத கடனுக்கு முப்பதாயிரம் கொடுப்பதா, பிள்ளையின் ஓராண்டை இழப்பதா என்று பல இரவுகள் நாங்கள் வீட்டில் பேசினோம், சண்டையும் போட்டோம். கடைசியில் கட்டவில்லை. இப்படி ஒரு தொகைக்குப் பேசி முடித்த கடன், அறிக்கையில் முழுதும் செலுத்தப்பட்டது என்று வராது, சமரசமாக முடிக்கப்பட்டது என்றே வரும். அது பல ஆண்டுகள் நின்று, அடுத்த கடனையும் தடுக்கும். அதற்கு மேல், ஒரு ரூபாய் கட்டினாலும் கடன் என்னுடையதுதான் என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும், பிறகு காவல் துறைப் புகாருக்கு என்ன மதிப்பு? மகனின் முதலாண்டுக் கட்டணத்துக்காக என் கழுத்துச் சங்கிலியையும் வளையல்களையும் கணவர் பெயரில் அடகு வைத்தோம். அந்த முடிவு வலித்தது, ஆனால் சரியானது என்றே இன்றும் நம்புகிறேன்.

இதே நேரத்தில், சிபில் மதிப்பெண்ணைச் சரிசெய்து தருகிறோம் என்று விளம்பரம் செய்யும் சிலரும் அணுகினார்கள். முன்பணம் கேட்டார்கள், பான் நகலும் ஓடிபியும் கேட்டார்கள். திருத்தம் கேட்பது முழுக்க இலவசம். பணம் வாங்கிக்கொண்டு அவர்கள் செய்யும் மனுவை நீங்களே எழுதலாம். ஓடிபி கேட்கிறவரிடம் பேச்சை நிறுத்திவிடுங்கள். பான் எண்ணையே மாற்றிவிடலாம் என்று ஒருவர் சொன்ன யோசனையும் ஆபத்தானது. ஒருவருக்கு ஒரு பான்தான். இரண்டாவது வைத்திருந்தால் வருமான வரிச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதம்.

குறிப்பிட்ட காலத்துக்குள் பதில் வராவிட்டால் என்ன செய்வது என்பது, நல்லவேளையாக, சட்டத்தில் இருக்கிறது. மனுக் கொடுத்த 30 நாட்களுக்குள் திருத்தப் புகாரைத் தீர்த்தாக வேண்டும். அதில் கடன் கொடுத்தவருக்கு 21 நாட்கள். தவறினால், தவறியவர் நாளொன்றுக்கு 100 ரூபாய் நமக்கு இழப்பீடு தர வேண்டும். இது 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறைக்கு வந்திருந்தது, என் நேரத்துக்கு உதவியது. கடன் நிறுவனம் 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தியாக இல்லாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். 2021இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குறைதீர்ப்புத் திட்டத்தில், ரிசர்வ் வங்கியின் புகார் இணையதளத்திலேயே பதியலாம். கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை, வைத்துப் பதியவும் முடியாது. 14448 என்ற எண்ணில் விளக்கம் கேட்கலாம். முதலில் நிறுவனத்துக்கு எழுதிய தேதியும் அதற்கான சான்றும் இல்லாமல் போனால் புகாரைத் திருப்பிவிடுவார்கள் என்பதால், தொலைபேசியில் பேசியதை மட்டும் நம்பாமல், எல்லாவற்றையும் மின்னஞ்சலிலோ ஒப்புகையுள்ள தபாலிலோ அனுப்பியிருப்பது முக்கியம். என்னிடம் அந்தக் காகிதங்கள் எல்லாம் தேதி வரிசையில் ஒரு கோப்பில் இருந்தன. நான் குறைதீர்ப்பாளரிடம் போனபின்தான் இரண்டாம் கடன் நிறுவனம் வாய் திறந்தது.

அப்போதுதான் அந்தக் கடன் ஆவணங்களும் வந்தன. பான் அட்டையின் நகலில் என் பெயர், என் எண், என் தந்தை பெயர். புகைப்படத்தில் என்னைவிட மிக இளைய, நான் அறியாத ஒரு பெண். கீழே என் கையெழுத்தோடு எந்த ஒற்றுமையும் இல்லாத ஒரு கையெழுத்து. பணம் போன கணக்கு வேறு மாநிலத்தில் ஒரு கிளையில் இருந்தது. அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணும் ஏமாற்றியவளா, அவள் படத்தையும் யாராவது திருடிப் பயன்படுத்தினார்களா என்பது எனக்குத் தெரியாது. அவள்மேல் கோபம் வரவில்லை. நேரில் ஒருமுறை ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் நொடியில் பிடிபட்டிருக்கும் ஒன்றை, பார்க்காமலேயே பணம் கொடுத்துவிட்டு, நிரூபிக்கும் சுமையை என் தலையில் வைத்தவர்கள்மேல்தான் கோபம் வந்தது. ஆவணங்களைக் காவல் துறையிடமும் ஒப்படைத்தேன். இரண்டு நிறுவனங்களும் கணக்குகளை நீக்கச் சம்மதித்தன. தாமதத்துக்கான இழப்பீடாகச் சில ஆயிரம் ரூபாய் வந்தது. அடகு வட்டி, சம்பளமில்லா விடுப்பு, ஊட்டிக்கும் கோயம்புத்தூருக்கும் அலைந்த செலவு, நகல், தபால் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் அது பாதியைக்கூட ஈடுகட்டவில்லை. நகை திரும்பி வர அடுத்த வசந்தம் ஆகிவிட்டது.

என் ஆவணம் எங்கிருந்து வெளியே போனது என்று இன்றுவரை தெரியவில்லை. சிம் வாங்கிய கடை, உறவினர் திருமணத்துக்குத் தங்கிய விடுதி, யாத்திரை முன்பதிவு செய்தவர், சுய உதவிக் குழு விண்ணப்பம் என எத்தனையோ இடங்களில் எல்லோரையும் போல நானும் நகல் கொடுத்திருக்கிறேன். யாரையும் குற்றம் சொல்ல என்னிடம் சான்று இல்லை. ஆனால் எங்கள் ஊரில் பிரின்ட் எடுக்க வேண்டுமென்றால், கைபேசியிலிருந்து கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்புவதுதான் வழக்கம். அந்தக் கணினியில் ஊரார் அனைவருடைய அட்டைகளும் வரிசையாகக் கிடக்கின்றன. கடைக்காரர் நல்லவராகவே இருக்கலாம், அந்தக் கணினியைத் தொடுகிற எல்லோரும் அப்படி இருக்க வேண்டுமே. இப்போது நான் வேலை முடிந்ததும் என் கண் முன்னாலேயே அழிக்கச் சொல்லி, வாட்ஸ்அப்பில் அனுப்பியதையும் இருபக்கமும் நீக்கிவிடுகிறேன். ஒருவரும் இதுவரை கோபித்துக்கொள்ளவில்லை. கொடுக்கும் ஒவ்வொரு நகலிலும், எழுத்துகளின் மேலேயே படும்படி, யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்திடுகிறேன். ஆதார் கேட்டால், கடைசி நான்கு இலக்கங்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரையே தருகிறேன். ஆதார் இணையதளத்தில் அதை இலவசமாகப் பதிவிறக்கலாம். அதே இடத்தில், ஆறு மாதங்களுக்குள் உங்கள் ஆதார் எங்கெல்லாம் சரிபார்க்கப்பட்டது என்ற பட்டியலும் கிடைக்கும்.

பிறர் பயன்படுத்த முடியாதபடி ஆதாரில் கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது, நான் பூட்டிவிட்டேன். ஆனால் என் மாமியாருக்கு அதைச் செய்யவில்லை. அவர் ஓய்வூதியத்தை ஊருக்கு வரும் வங்கி முகவரிடம் விரல் வைத்துத்தான் வாங்குகிறார், பூட்டினால் ஒவ்வொரு மாதமும் திறக்க யாராவது கைபேசியோடு உடனிருக்க வேண்டும். அவர் விஷயத்தில், விரல் வைத்ததும் ரசீது கேட்டு வாங்கி, தொகையை அங்கேயே வாய்விட்டுப் படிக்கச் சொல்லும்படி பழக்கியிருக்கிறேன். பெரியவர்கள் வீட்டில் இருப்பவர்கள் இதை அவரவர் நிலைக்கு ஏற்ப முடிவு செய்ய வேண்டும்.

முடிந்துவிட்டது என்று கடிதம் வந்த பிறகும் விட்டுவிடாதீர்கள். கடன் நிறுவனம் நான்கு தகவல் நிறுவனங்களுக்கும் திருத்தத்தை அனுப்ப வேண்டும். எனக்கு மூன்றில் நீங்கியது, ஒன்றில் மாதக்கணக்கில் அப்படியே இருந்தது. வங்கி எதைப் பார்க்கும் என்று நமக்குத் தெரியாததால் நான்கையும் திரும்பப் பார்த்தாக வேண்டும். 2025 ஜனவரியிலிருந்து கடன் நிறுவனங்கள் பதினைந்து நாட்களுக்கு ஒருமுறையாவது தகவல் அனுப்ப வேண்டியிருப்பதால், இப்போது திருத்தம் முன்னைவிட விரைவாகத் தெரியவேண்டும். அதைவிட, கணக்கு நீங்கியபின்னும் அந்தத் திருட்டுக் கைபேசி எண்ணும் முகவரியும் என் தொடர்பு விவரங்களில் தங்கியிருந்தன. நம் அறிக்கையை யாராவது திறந்தால் கடன் தகவல் நிறுவனம் குறுஞ்செய்தியோ மின்னஞ்சலோ அனுப்ப வேண்டும் என்ற நல்ல விதி இருக்கிறது. ஆனால் பதிவில் இருப்பது திருடனின் எண் என்றால் எச்சரிக்கையும் அவனுக்கே போகும். அதைத் தனியாக மனுப் போட்டு நீக்கி, என் எண்ணையும் மின்னஞ்சலையும் பதிய வைத்தேன். இரண்டு நிறுவனங்களிடமிருந்தும், இந்தக் கடனுக்கும் எனக்கும் தொடர்பில்லை என்று கணக்கு எண்ணோடு எழுதிய கடிதத்தை முத்திரையுடன் வாங்கி வைத்திருக்கிறேன். பழைய கடன்களைத் தொகுப்பாக வேறு நிறுவனத்துக்கு விற்றுவிடும் வழக்கம் இருப்பதால், சில ஆண்டுகள் கழித்து வேறொருவர் இதே கணக்கு எண்ணைச் சொல்லி அழைக்கக்கூடும். காவல் துறை வழக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மகனின் இரண்டாம் ஆண்டுக்கு அதே வங்கிக் கிளை கல்விக் கடன் கொடுத்துவிட்டது, அந்த விண்ணப்பத்தோடும் அந்த இரண்டு கடிதங்களின் நகல்களை, யாருக்கு, எதற்கு என்று குறுக்கே எழுதி, இணைத்தே கொடுத்தேன்.